அத்தையிடம் முதலில் கேட்க வேண்டியது

கோத்தகிரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் நலம். மூன்று நாளாக மழை விடவில்லை. வெளியே போக முடியாததால், சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு உட்கார்ந்து விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உன்னோடு வேலை செய்யும் அயர்லாந்துப் பெண், 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தன் பாட்டனாரின் குடும்பம் பதிவான தாளை இணையத்தில் எடுத்துக் காட்டினாள் என்றும், அந்த வீட்டில் யார் யார் இருந்தார்கள், யாருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதுவரை அதில் இருந்தது என்றும் சொன்னாய். "நமக்கும் அப்படி ஒரு தாள் எங்காவது இருக்குமா அம்மா?" என்று கேட்டாய். அப்படி ஒரு தாள் நமக்கு இல்லை. இந்தியாவில் கணக்கெடுப்பின் மொத்தத் தொகைகளைத்தான் அச்சிடுவார்கள். ஒரு வீட்டில் எழுதிக்கொண்டு போன விவரத்தை வெளியார் பார்க்க வழி கிடையாது. ஆனாலும் நம் கொடிவழியை, அதாவது நம் வம்சவழியை, தேட இடமே இல்லை என்று நினைத்துவிடாதே. நமக்குரிய தடயங்கள் வேறு இடங்களில் இருக்கின்றன. அவற்றில் மிக முக்கியமான தடயம் இப்போது இலங்கையில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு லயத்து வீட்டில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உனக்கு ஒரு செய்தி தெரிய வேண்டும். நம் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், நம்மிடம் ஓர் அரசாங்கமே கொடிவழியைக் கேட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரை வழியில் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தையின் தந்தையும் அவருக்குத் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்டத்துக் கூலிகளின் லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்களில் எத்தனை பேருக்குத் தந்தையின் பிறப்பைக் காட்டும் பத்திரம் இருந்திருக்கும்? 1947 தேர்தலில் வாக்களித்தவர்கள் மறு ஆண்டே எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லாமல் போனார்கள். அந்தச் சட்டத்தில் தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே இல்லை என்பதையும் கவனி. தந்தை, அவருக்குத் தந்தை, அவருக்கும் தந்தை என்று ஒரே வழியாக மட்டுமே அது மேலே போனது. நாம் கொடிவழி எழுதும்போது அப்படி எழுதக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கௌரவத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஆண்களின் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனபோது எனக்கு வழி அடைத்துப்போனது. பெண்களின் பிறந்த வீட்டைக் கேட்ட பிறகே திறந்தது. அது எப்படி என்று சொல்கிறேன்.

நம் வீட்டு இரும்புப் பெட்டி உனக்கு நினைவிருக்கும். கட்டிலுக்கு அடியில் இருக்குமே, மூடியில் பச்சைப் பெயின்ட் உரிந்துபோன பெட்டி. அதற்குள் மூன்று தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நாங்கள் 1971இல் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்டபோது கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தில் கொடுத்த குடும்ப அட்டை. உன் தாத்தா, அம்மாயி, நான், என் தம்பிமார் இருவர், எல்லோரும் ஒரே படத்தில் இருக்கிறோம். அம்மாயியின் மூக்குத்தி மேல் முத்திரையின் ஓரம் விழுந்திருக்கிறது. எனக்கு அப்போது 13 வயது. இரண்டாவது, என் தாத்தா குடியுரிமை கேட்டுக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்திய, பாகிஸ்தானிய வழியினர் 1951 ஆகஸ்ட் 5ஆம் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. மணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தாத்தாவும் காட்டினார். மூன்றாவது தாள், அந்த விண்ணப்பம் தள்ளுபடியானது என்று வந்த கடிதம். அது நான்காக மடிக்கப்பட்டு, மடிப்புகள் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. தமக்கு எதிராக வந்த கடிதத்தை அவர் பசை தடவி ஒட்டி ஏன் இருபது ஆண்டு பத்திரப்படுத்தினார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தம் பெயரும் தம் தகப்பனார் பெயரும் ஒரே இடத்தில் எழுதப்பட்டிருந்த தாள் அவரிடம் வேறு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினேன். தொடக்கத்திலேயே பெரிய தவறு செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் தகப்பன், மகன் என்று இரண்டு பெயர்கள். குடும்ப அட்டையிலும் அதே இரண்டு பெயர்கள்தான், ஆனால் தகப்பன் இருந்த இடத்தில் மகனும் மகன் இருந்த இடத்தில் தகப்பனுமாக மாறியிருந்தன. கிளாக்கர் யாரோ மாற்றி எழுதிவிட்டார் என்று முடிவு செய்து, இரண்டு தாள்களும் ஒரே இருவரைக் குறிப்பவை என்று எழுதி வைத்தேன். மூன்று ஆண்டு அப்படியே இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் காணாமல் போயிருந்தது எனக்குத் தெரியவில்லை. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்த நான், என் அப்பாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயரை வைத்திருப்பார்கள் என்பதை மறந்துபோனேன். விண்ணப்பத்தில் மனைவி என்று என் அப்பாயியின் பெயர் இருந்தது. குடும்ப அட்டையில் மனைவி என்று என் அம்மாவின் பெயர் இருந்தது. அந்த இரண்டு பெண்களின் பெயரை முதலிலேயே படித்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும். ஆகவே எந்தத் தாள் கையில் வந்தாலும் முதலில் அதில் இருக்கும் பெண்ணின் பெயரைத் தேடிப் பார். ஆண்களின் பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பத் திரும்ப வரும். அந்தப் பெயரோடு சேர்ந்து நிற்கும் மனைவியின் பெயர்தான் இவர் எந்தத் தலைமுறைக்காரர் என்று காட்டும்.

நீ கணினியில் ஒரு செயலியைப் பதிவிறக்கிவிட்டதாகச் சொன்னாய். இப்போதைக்கு அதை மூடி வை. அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தான் உண்டு. அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரைப் போட்டால் ஒவ்வொரு தலைமுறையும் வேறு வேறு குடும்பம்போலப் பிரிந்து நிற்கும். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொண்ட வழக்கம் வேறு. ஒரே ஆள் இரண்டு கிளையிலும் வருவார். மேலே போகப் போக அகன்று விரியும் மரமாக நம் வழி இருக்காது. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். கொடி என்று நம் முன்னோர் சொன்னது எவ்வளவு பொருத்தம் என்று எழுதத் தொடங்கினால் உனக்கே தெரியும். எனவே ஒரு நீளமான கோடு போட்ட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள். ஓர் ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பக்கம் உனக்கு. உன்னிடமிருந்து மேலே ஏற வேண்டும். எங்கோ ஒரு பெரிய முன்னோரைப் பிடித்துக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வரக் கூடாது. அப்படி இறங்குகிறவர்கள் தமக்கு வேண்டியவரைப் பாட்டனாக்கிக்கொள்வார்கள். பெண்களின் பக்கத்தில் புகுந்த ஊருக்கு முன்னால் பிறந்த ஊரையும் உடன்பிறந்த ஆண்களையும் எழுது. ஒவ்வொரு விவரத்துக்கும் கீழே யார் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார் என்று குறித்துக்கொள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுது. உனக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடாதே.

இனி, பெண்களின் பிறந்த வீடு வழியைத் திறந்தது என்றேனே, அந்தக் கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஒருநாள் மாலை தபால்காரர் ஓர் அஞ்சலட்டை கொண்டுவந்தார். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, தலைக்குக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வாசி ஆத்தா" என்று என்னிடம் நீட்டினார். நானும் பள்ளியில் பாடம் படிப்பதுபோல உரக்கப் படித்தேன். அவருடைய அண்ணன் காலமாகிக் கருமாதியும் முடிந்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. படித்து முடித்த பிறகே நான் என்ன படித்தேன் என்று எனக்கு உறைத்தது. அப்பாயி இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்திண்ணையில், காலை நீட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினார். ஒப்பாரியில் பெண்கள் தம் பிறந்த வீட்டுப் பெருமையைச் சொல்லி அழுவது வழக்கம். அண்ணன் பொன்னமராவதிச் சந்தையில் வளையல் வாங்கித் தந்ததையும், கோயில் ஊருணிக்கரையில் தூக்கிச் சுமந்ததையும் அவர் சொல்லி அழுதார். முழு வரிகள் எனக்கு நினைவில்லை. பொன்னமராவதி என்ற ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அந்த அட்டையை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை. பெட்டியில் இல்லை.

நாற்பது ஆண்டுக்கும் மேல் கழித்து, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நானும் உன் அப்பாவும் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போனோம். நீ அப்போது விடுதியில் இருந்தாய். பொன்னமராவதியைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்டிச்சீமைக்குப் பெண் கொடுத்த வீடு எது என்று கேட்டுக்கொண்டே போனோம். இலங்கையின் மலைநாட்டை அங்கே பெரியவர்கள் இன்றும் கண்டிச்சீமை என்றுதான் சொல்கிறார்கள். இரண்டாம் நாள், ஓர் ஊரில் திண்ணையில் படுத்திருந்த ஒரு பெரியவரிடம் அப்பாயியின் பெயரையும் அவருடைய அண்ணன் பெயரையும் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் முகத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "வா மருமகளே" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவர் யார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் அப்பாயியின் அண்ணன் மகன், என் அப்பாவுக்கு மச்சான், எனக்கு மாமா. பங்காளியாக இருந்திருந்தால் "மகளே" என்று அழைத்திருப்பார். நம் மொழியில் முறைச்சொல்லே பாதிக் கொடிவழி. முன்பின் பார்க்காத ஒருவர் உன் அப்பாவை அண்ணன் என்கிறாரா, மச்சான் என்கிறாரா என்று பார்த்தால், அவரை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது விளங்கிவிடும். சித்தப்பாவையும் மாமாவையும் ஒரே சொல்லால் அழைக்கும் மொழிக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை.

அந்த மாமாதான் எங்கள் சொந்த ஊரைச் சொன்னார். நாங்கள் அதுவரை அப்பாவின் ஊர் திருச்சிப் பக்கம் என்று நினைத்திருந்தோம். திருச்சியில் 1904 முதல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் ஆணையகம் இருந்தது. அங்கே போய்ப் பதிந்துகொண்டு போனவர்கள் பலர் ஊர் என்று கேட்டால் திருச்சி என்றே சொல்லிப் பழகினார்கள். "உங்க ஆளுக கோயில் இங்க இல்ல, அது மேற்கால" என்று தம் பேரனை எங்களோடு அனுப்பினார். அந்தக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதும் பழைய கணக்கு நோட்டு ஒன்றைப் பூசாரி காட்டினார். அதில் என் அப்பாவின் தாத்தா பெயருக்கு எதிரே "கண்டி" என்று மட்டும் எழுதியிருந்தது. ஊரை விட்டுப் போய் அத்தனை காலம் ஆகியும் அவரை அந்தக் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. நான் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அப்பா போய்ச் சேர்ந்து நான்கு ஆண்டு ஆகியிருந்தது. அவர் பார்த்திருக்க வேண்டிய பக்கம் அது.

கிராமத்தில் பொதுவாகச் சிட்டா, அடங்கல், மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை வைத்துக் குடும்பவழி தேடலாம் என்பார்கள். நிலம் இருந்தவர்களுக்கு அது நல்ல வழி. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே தாளில் கிடைத்துவிடும். நமக்கு ஒரு குழி நிலமும் இருக்கவில்லை. ஆகவே அந்த வழியில் காலத்தைச் செலவிடாதே. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980இல் ஒழித்தபோது, ஊரில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை வாய்மொழியாக வைத்திருந்தவர்களும் அந்த வேலையிலிருந்து போய்விட்டார்கள்.

நம் ஆட்கள் எப்போது போனார்கள் என்பதையும் தாள் இல்லாமலே ஓரளவு கணிக்க முடியும். குடும்பத்தில் சொல்லிவரும் கதையில் இருக்கும் சின்னச் சின்ன விவரங்களைக் கவனி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த பயணம் 1914இல் தொடங்கியது. ரயிலேறிக் கப்பலேறிப் போனோம் என்று கதை சொன்னால் அதற்குப் பிற்பட்டது. மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து போனோம் என்றால் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது. கோப்பித் தோட்டம் என்ற பேச்சு வந்தால் இன்னும் முந்தையது, ஏனென்றால் 1869இல் பரவத் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்து, அந்த இடத்துக்குத் தேயிலை வந்தது. கூலிகளாகப் போவதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. எனவே நம் முதல் ஆள் எப்படியும் அதற்கு முன்னால் போனவர். என் அப்பா சொன்ன கதையில் அவருடைய தாத்தா "நடந்து போனார், வழியில் கூட வந்த தம்பியைக் காட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்." விட்டுவிட்டு என்றால் என்ன என்று சிறுவயதில் நான் கேட்டபோது, அப்பா பதில் சொல்லவில்லை. அந்தத் தம்பிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கு. அவர் பெயர் தெரியாது என்றாலும் ஒதுக்கு.

மொரீஷியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் எளிது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேருக்கு ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, தகப்பன் பெயர், ஊர், உடல் அடையாளம்வரை எழுதி வைத்தார்கள். இலங்கைக்குப் போனவர்கள், ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியின் கீழ்க் கூட்டமாகப் போனவர்கள். அவர்களுடைய பெயர் கங்காணியின் கடன் கணக்கில் இருந்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் போக வேண்டுமானால் அந்தக் கடனை எழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டு முறை 1921இல் ஒழிந்தது. ஒழிந்தது நல்லதுதான். ஆனால் நம் மக்களின் பெயர் ஒழுங்காக எழுதப்பட்ட இடம் கடன் சீட்டு ஒன்றுதான் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் தாள்களில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பிவிடாதே. என் சான்றிதழில் உள்ள தேதி, கோத்தகிரியில் பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் கணக்குப் பார்த்துப் போட்டது. என் அத்தை, அதாவது என் அப்பாவின் தங்கை, இலங்கையிலேயே இருந்துவிட்டவர். உனக்குப் பாட்டி முறை. அவருடைய அடையாள அட்டை எண் 44 என்று தொடங்குகிறது. அங்கே பழைய அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கம் அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். அந்த அட்டைப்படி அவர் 1944இல் பிறந்தவர். ஆனால் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டு மூன்றாம் மாதம் பிறந்த பிள்ளை என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 5. சித்திரபானு வருசம் ஆடி மாதம் என்றும் அப்பாயி சொல்வார். சித்திரபானு 1942 சித்திரையில் தொடங்குகிறது. இரண்டும் பொருந்துகின்றன. நான் 1942 ஜூலை என்றே எழுதியிருக்கிறேன், அட்டையில் உள்ளதையும் கீழே குறித்திருக்கிறேன். அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரு வருசப் பெயர் கிடைத்தால் அதோடு ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியையும் சேர்த்துப் பார். தாது வருசப் பஞ்சம் என்றால் 1876. தனுஷ்கோடிப் புயல் என்றால் 1964 டிசம்பர்.

அத்தை ஏன் அங்கே இருந்துவிட்டார் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில், குடியுரிமை இல்லாமல் இருந்த நம்மைப் போன்ற 9,75,000 பேரைப் பங்கிட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாக வைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களுக்கு வேறு வேறு நாடு கிடைத்தது. அத்தையின் வீட்டுக்காரருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்தது. எங்களுக்கு இந்தியா. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன அந்த ரயிலை அழுகைக் கோச்சி என்பார்கள். அட்டன் நிலையத்தில் அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகர்ந்த பிறகும் விடாமல் நடந்து வந்தார். உன் தாத்தாதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

நீ மரபணுவைப் பார்க்கும் எச்சில் பரிசோதனை செய்து அனுப்புவதைப் பற்றியும் கேட்டாய். விருப்பமிருந்தால் செய். உன்னைப்போல வேறு எந்த உறவினராவது அதே நிறுவனத்தில் பரிசோதித்திருந்தால் அவரோடு பொருத்திக் காட்டும். அப்பாயியின் தாய்வீடு எந்த ஊர் என்று அது சொல்லாது. தலவாக்கலையில் இருக்கும் உன் உறவினர் யாரும் அப்படிச் செய்திருக்கவும் மாட்டார்கள். அந்தப் பணத்தில் நீ இலங்கைக்கு ஒரு நடை போய்வருவது மேல்.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்குப் போனால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். பழைய பதிவுகளிலும் அது இருக்கும். ஆளை அடையாளம் காண வேண்டியிருந்தால் உள்ளபடியே குறித்துக்கொள். அதற்கு மேல் அதற்கு எந்த மதிப்பும் கொடுக்காதே. பெருமைப்படவோ, ஒளித்துவைக்கவோ, சம்பந்தம் தேடவோ இந்த நோட்டைத் தொடக் கூடாது. கூலி என்று எழுதியிருந்தால் கூலி என்றே எழுது. மூன்றாவது பிரசவத்தில் இறந்த மனைவிக்குப் பின் அவருடைய தங்கையைக் கட்டியிருந்தால் இருவரையும் எழுது. பெயர் வைக்குமுன் இறந்த பிள்ளைகளையும் எழுது. அப்படி என் அப்பாயிக்கு நான்கு பேர்.

இனி நீ செய்ய வேண்டியது. அத்தைக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய பேத்தியின் எண்ணை உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். அங்கே இரவு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார். ஆகையால் உனக்கு ஞாயிறு காலை நேரம் சரியாக இருக்கும். வலது காது கேட்காது, பேத்தியிடம் சொல்லி இடது காதில் பிடிக்கச் சொல். பேச்சைப் பதிவு செய்யப் போகிறாய் என்பதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடு. நீ செவிலி, நோயாளியிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் தேதிகளைக் கேட்டுக் குடையாதே. சமையல், சாமி கும்பிட்டது, பிரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டது, தேயிலை மலையில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலை செய்தது, இவற்றைக் கேள். பெயர்கள் அதில் தாமாக வரும். அழுதால் பேச்சை மாற்றாதே, கொஞ்சம் காத்திரு.

தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும் நம் ஆட்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் கேட்டு எழுதிக்கொள், பிரிவின் பெயரோடு. நுவரெலியா மாவட்டத்தில் பிறப்புப் பதிவின் நகல் கேட்க வேண்டுமானால் அது தேவைப்படும். அந்த வேலையை அவருடைய பேரன் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இதோடு நான் எழுதிய பக்கங்களைப் படம் பிடித்து அனுப்புகிறேன். அதில் எட்டாம் பக்கத்தைப் பார். காட்டுவழியே நடந்து போனாரே, என் அப்பாவின் தாத்தா, அவருடைய மனைவியின் பக்கம் அது. அவருடைய பெயர் மட்டும் எனக்குத் தெரியும். அவரும் அந்த வழியில் நடந்தாரா, பின்னால் வந்தாரா, அங்கேயே கட்டிக்கொண்டாரா, எந்த ஊரில் பிறந்தார், ஒன்றும் தெரியாது. தாள் எதிலும் அவர் இல்லை. அத்தைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது ஆகும்வரை அவர் உயிரோடு இருந்தார். அத்தையை வளர்த்ததே அவர்தான். தம் தாய்வீட்டைப் பற்றி அத்தையிடம் அவர் எதையாவது சொல்லியிருப்பார்.

ஆகவே அத்தையிடம், "உங்க அப்பாயி எந்த ஊர்ல பொறந்தாங்க பாட்டி?" என்று முதலில் கேள். கேட்டதும் அவர் சொல்வதை, புரியாத ஊர்ப்பெயராக இருந்தாலும், காதில் விழுந்தபடியே எழுதி எனக்கு அனுப்பு.

உன் அப்பா வழியைப் பற்றி அவர் தனியாக எழுதுவார். குளிர் அதிகம் என்கிறாய், காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

அன்புடன்,
அம்மா